வெள்ளிக் கண் போட்ட மனிதர்

என் வீட்டுக்காரருக்கு 'முடியாதுங்க' என்ற சொல் வாயில் வராது. கல்யாணமான புதிதில் அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே நாலு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். சூலூரிலிருந்து கோயம்புத்தூருக்கு ஓடும் தனியார் பஸ் ஒன்றில் அவர் டிரைவர். அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்குக் கண் பரிசோதனை உண்டு. தேறினால் ஸ்டியரிங், தேறாவிட்டால் வீடு. எங்கள் சோறு அந்த இரண்டு கண்ணில்தான் இருந்தது.

ஆடியில் பஸ்ஸை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்காக ஷெட்டில் நிறுத்தினார்கள். சும்மா இருப்பானேன் என்று, சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு டிவி தொடர்க்காரர்களுக்கு வேன் ஓட்டப் போனார். கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் கைவிட்ட கல்குழி ஒன்றில் படப்பிடிப்பு. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த ஒருவன் திரும்பிப் போக வழியில்லாமல் பூமியில் அலைகிற கதை. அவனுக்குக் கருவிழி கிடையாது, கண் முழுக்க வெள்ளி நிறம். கம்ப்யூட்டரில் கண்ணை மாற்றுகிற வசதியெல்லாம் அவர்களிடம் இல்லை. என்ன செய்தாலும் நடிக்கிறவர் கண்ணில்தான் செய்தாக வேண்டும்.

முதலில் டேபிள் டென்னிஸ் பந்தை இரண்டாக வெட்டி, சாயம் பூசி, ஊசியால் துளை போட்டு ஒட்டிப் பார்த்தார்களாம். வேர்வையில் வழுக்கிக் கன்னத்துக்கு வந்துவிட்டது. பிறகு கண்ணை மூடச் சொல்லி இமைமேலேயே கண் வரைந்தார்கள். பேசும்போது இமை துடித்து, பார்த்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கடைசியாக மேக்கப்காரர் பெட்டியிலிருந்து எடுத்தது ஒரு தடித்த லென்ஸ். கருவிழிக்கு மட்டும் போடுகிற சின்ன லென்ஸ் இல்லை அது. சிப்பி மாதிரி கண்ணின் வெள்ளை முழுவதையும் மூடும். உள்ளே வெள்ளிச் சாயம், நடுவில் கடுகளவு ஓட்டை. சென்னை நடிகர் ஒரு தடவை போட்டார். அம்மா என்று அலறிக் கழற்றி எறிந்துவிட்டு அன்றைக்கே ரயிலேறிப் போய்விட்டார். புத்திசாலி!

டைரக்டர் சுற்றிப் பார்த்தார். வேனில் சாய்ந்தபடி பனைமரம் போல ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். "அண்ணே, நீங்க போட்டுப் பாக்கறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். இவர் என்ன சொல்லியிருப்பார்? "அதுக்கென்னுங்க, போட்டாப் போவுது."

லென்ஸ் போட்டால் கண் தெரியாது. யாராவது கையைப் பிடித்து நடத்த வேண்டும். முதல் நாள் உதவியாட்கள் தரதரவென்று இழுத்துப் போனதில் கல் தடுக்கி விழுந்து முழங்காலைப் பேர்த்துக்கொண்டு வந்தார். மறுநாள் தையல் மிஷினை மூடிவைத்துவிட்டு நானும் கிளம்பினேன். ஊர் பார்க்க நாங்கள் கைகோத்து நடந்ததே இல்லை. அத்தனை பேருக்கு நடுவில் அவர் கையைப் பிடித்து, "இங்க பள்ளமுங்க, காலத் தூக்கி வையுங்க" என்று காதோரம் சொல்லிக் கூட்டிப் போனேன். வெட்கமாகத்தான் இருந்தது. உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்தது, மறைப்பானேன்.

மேக்கப்காரர் முறையாகத்தான் செய்தார். கையைக் கழுவி, இவரைக் கீழே பார்க்கச் சொல்லி, மேல் இமையைத் தூக்கி லென்ஸைச் சொருகுவார். கால்மணி நேரத்துக்கு மேல் விடமாட்டார். சின்ன ரப்பர் உறிஞ்சியால் கழற்றி உப்புத் தண்ணீரில் போடுவார். ஒரு சைகையும் வைத்திருந்தார்கள். வலது கையில் அந்த வேடத்துக்கான ஒளிவிடும் கோல் இருப்பதால், வலித்தால் இடது கையைத் தூக்க வேண்டும். தூக்கிய நொடியில் கேமரா நிற்கும். டைரக்டர் எல்லோர் முன்னாலும் அதைச் சத்தியம் மாதிரி சொன்னார்.

கடைசி நாள் கடைசிக் காட்சி. அந்த வேற்றுக்கிரகத்தான் பாறைமேல் நின்று ஆகாயத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மதியத்திலிருந்தே பேயாக வீசியது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், கல்குழித் தூசி பறக்காதா? டைரக்டருக்கு ஒரே குஷி. புயலைக் காட்ட ஃபேன் வாடகை மிச்சமாம். மேக்கப்காரர் மட்டும், "தூசி உள்ள போனா ஆபத்து, காத்து அடங்கட்டும்" என்றார். வெளிச்சம் போய்விடும் என்றார் டைரக்டர். கடைசியில் இவரிடமே கேட்டார்கள். கேட்பார்களா இவரிடம்!

"எடுத்துப்போடலாமுங்க. எல்லாரும் சோறு திங்காம நிக்கறாங்க."

இரண்டு தடவை எடுத்தார்கள். இரண்டாவது முடிந்ததும் நான் பாறைமேல் ஏறி அவரைப் பிடித்தேன். கை சில்லென்று இருந்தது. தாடை இறுகியிருந்தது.

"ஏனுங்க, வலிக்குதுங்களா?"

"லேசா உறுத்துது. ஒண்ணுமில்ல அம்மணி."

"கையத் தூக்குங்க. இல்லாட்டி நான் சொல்லிப்போடுவேன்."

"சும்மா இரு. நம்மளால அவங்களுக்கு எதுக்குச் சிரமம்? இன்னொருக்காத்தான."

நான் கேட்கவில்லை. கீழே பார்த்து, "போதுமுங்க, கழட்டுங்க, அவருக்கு வலிக்குது!" என்று கத்தினேன். எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். இவர் சிரித்தபடி, "அவ பயந்தவங்க. நீங்க எடுங்க" என்றார். ஒருவர் வந்து என்னை இறக்கிக் கூட்டிப் போனார்.

மூன்றாவது தடவையில் அந்த வெள்ளிக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்காமல், அசையாமல் ஆகாயத்தைப் பார்த்தபடி நின்றார். இடது கை தொடையோரம் முஷ்டியாக இறுகியிருந்தது. தூக்கவில்லை, பாவி மனுஷன். காட்சி முடிந்ததும் டைரக்டர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். இப்படி ஒரு அழுகையைப் பெரிய நடிகர்கூடத் தரமாட்டாராம்.

லென்ஸைக் கழற்றியபோது இடது கண் ரத்தமாக இருந்தது. மேக்கப்காரர் முகம் வெளுத்து, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். இவரோ எல்லோரையும் வேனில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் வருவேன் என்றார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கோயம்புத்தூர் வரை ஓட்டினார். மறுநாள் வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியில் கூட்டமாக இருக்கும், டாக்டருக்கு எதற்குச் சிரமம் என்றார். அதற்கு அடுத்த நாள் சொந்தக்காரர் வீட்டில் ஒரு சீர் விசேஷம் இருந்தது, போகாவிட்டால் தப்பாக நினைப்பார்கள் என்றார். நான் கத்தினேன், அழுதேன், சோறாக்காமல் படுத்தேன். எதற்கும் அசையவில்லை. திங்கட்கிழமை காலை தலையணையெல்லாம் சீழாக இருந்தது. இழுத்துக்கொண்டு போனேன்.

புண் ஆறிவிட்டது. கருவிழியில் பூ விழுந்துவிட்டது. "முதல் நாளே வந்திருந்தா?" என்று டாக்டர் கேட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இவர் அவரிடமும், "உங்களுக்குத்தான் வீண் சிரமமுங்க" என்றார். எனக்கு அந்த அறையிலேயே தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

புரட்டாசியில் தொடர் வந்தது. பக்கத்து வீட்டு டிவி முன்னால் தெருவே உட்கார்ந்திருந்தது. வெள்ளிக் கண் அழுதபோது பக்கத்து வீட்டு அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்னமா நடிச்சிருக்கறாருங்க!" என்றார். பூ விழுந்த கண்ணோடு இவர் கூச்சமாகச் சிரித்தார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் கண் பரிசோதனை. நானும் கூடப் போய் வாசலோரம் நின்றேன். வலது கண்ணில் எல்லா வரியையும் கடகடவென்று படித்தார். அடுத்து வலது கண்ணை அட்டையால் மறைத்தார்கள். டாக்டர் குச்சியைப் பலகையில் வைத்து, "படிங்க" என்றார். இவர் கழுத்தை முன்னால் நீட்டிப் பார்த்தார். "மேல இருக்கற பெரிய எழுத்து தெரியுதுங்களா?" என்றார் டாக்டர். தெரிகிறதுங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன். சத்தம் வரவில்லை. தொடையோரம் இருந்த இடது கை மெல்ல மேலே போனது.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் உள்ளே போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.