இடது பக்கம் நின்றவர்

காந்தி மார்க்கெட் பக்கத்தில் அப்பா ஃபிளெக்ஸ் கடை வைத்திருந்தார். தெருமுனையில் அவருடைய பைக் சத்தம் கேட்டாலே கடைக்குள் பேச்சு நின்றுவிடும். டிசைன் போடும் அக்கா செல்போனைக் கவிழ்த்து வைப்பார். பிரிண்டிங் அண்ணன் பாதி டீயோடு எழுந்துவிடுவார். லீவில் ஏசிக்காக அங்கே போய் உட்காரும் எனக்கு அதில் ஏகப் பெருமை. எங்கள் டீச்சர் தொண்டை வற்றக் கத்தினாலும் வகுப்பில் அந்த அமைதி வராது.

ஒரு நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அண்ணன் தவறிவிட்டாராம், கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும். தனிப்படம் கிடைக்கவில்லை. ஏதோ கல்யாணத்தில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நின்ற படம்தான் இருந்தது. இருவருக்கும் ஒரே மாதிரி நாமம், ஒரே மாதிரி வழுக்கை.

"படத்துல எனக்கு இடது பக்கம் நிக்கறவர்தான் அண்ணா" என்று சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா செல்போனில் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வந்தவர் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் போனதும், "இடது பக்கம் இருக்கறவர வெட்டிப் போடும்மா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்.

அக்கா திரையைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "சார், இது இப்ப வந்துட்டுப் போனவரு மாதிரி இருக்கே..."

"நீ டிசைன் பண்ண வந்தியா, கேள்வி கேக்க வந்தியா?"

அக்கா மவுஸை நகர்த்தி அந்த முகத்தையே வெட்டினார். மெஷினிலிருந்து இறங்கிய முகத்தைப் பிரிண்டிங் அண்ணன் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், சுருட்டிக் கட்டினார். எனக்கும் அடையாளம் தெரிந்தது. "அப்பா, இந்த மாமா..." என்று இழுத்தேன்.

"வாய மூடிட்டு வண்டில ஏறு."

துக்க வீட்டு வாசலில் அப்பாவே பேனரைக் கட்டினார். கூட்டம் பேனரைப் பார்த்தது. பிறகு அதற்குக் கீழே நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்தது. அவருடைய மனைவி தாலியைப் பிடித்துக்கொண்டு அலறினார். "என்னய்யா, அடுத்ததுக்கும் சேத்து அட்வான்ஸா அடிச்சிட்டியா?" என்றார் ஒருவர். இரண்டு பேர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள்.

அந்தத் தம்பி மட்டும் கோபப்படவில்லை. தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவுத்துடுங்கோ" என்றார். அப்பா எவ்வளவு இழுத்தும் முடிச்சு அவிழவே இல்லை. 'நான் யாரோ, இவர் யாரோ' என்பதுபோல நான் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன். இன்றைக்கும் அந்த வீதிப் பக்கம் போனால் தலையைக் குனிந்துகொண்டுதான் போகிறேன்.

கடைக்குத் திரும்பியதும் அப்பா கத்துவார் என்று கதவோரமாகவே நின்றேன். அவர் கத்தவில்லை.

"ஒருத்தர் கண்ணுலயுமா படல?"

அக்கா கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன்தான் மெதுவாக, "பட்டுச்சு சார்" என்றார்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

அக்கா அண்ணனைப் பார்த்தார், அண்ணன் மெஷினைப் பார்த்தார். அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியா பாப்பா?"

"இல்லப்பா" என்றேன், சட்டென்று.

பாவம், கடையில் ஒருத்தியாவது அவர் பக்கம் இருக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னதாக நினைத்திருந்தேன். அவ்வளவு பேர் நடுவில் அவமானப்பட்டபோதுகூட நின்றுகொண்டிருந்த அப்பா, அதைக் கேட்ட பிறகு ஏன் ஸ்டூலை இழுத்துப் போட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.