இருபத்து நாலாம் தேதி பஸ்

இன்னிக்கு டிசம்பர் 24. விழுப்புரத்துலேருந்து பொண்ணு வருதுன்னு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு இருந்தேன்.

ஒரு கண்டக்டர்கிட்ட கேட்டேன், "வழியில ஒண்ணும் பிரச்சனை இல்லையே?"

"என்ன சார் பிரச்சனை?" ஒரு மாதிரி பார்த்தார்.

1987ல இதே தேதி, காலையில, திண்டிவனம் ஆஸ்பத்திரியில மனைவிக்கு வலி எடுத்துட்டுதுன்னு விழுப்புரத்துல பஸ் ஏறினேன். கூட்டேரிப்பட்டுல வண்டி நின்னுடுச்சு.

"தலைவரு பூட்டாரு. வண்டி போவாது," என்றார் அந்தக் கண்டக்டர்.

பக்கத்துல ஒரு கறுப்புச் சட்டைக்காரர், மடியில மாலை. "அவரு போயி எத்தினி வருசமாச்சு. நெனவு நாளுக்குத்தான் நானே மாலை போடப் போறேன். அதுக்கா பஸ்ஸ நிறுத்துவாங்க?"

பஸ்ஸே சிரிச்சுது. நானும்தான்.

கண்டக்டர் சிரிக்கல. "உங்க தலைவரு இல்லீங்க. முதலமைச்சரு. விடியக்காலம்."

கடை ஷட்டரெல்லாம் இறங்குற சத்தம் கேட்டுது. இறங்கி நடந்தேன். கறுப்புச் சட்டைக்காரரும் கூடவே வந்தார், மாலையைத் துண்டுல மூடிக்கினு. "பாக்குறவனுக்கெல்லாம் எந்தத் தலைவருன்னு சொல்லி மாளாதுங்க."

நான் போய்ச் சேர்றதுக்குள்ள பொண்ணு பொறந்துட்டுது.

இன்னிக்கு அது பஸ்ஸுலேருந்து இறங்கினதும் கேட்டுது, "யப்பா, இந்த வருசமும் விசாரிச்சியா?"

இதே தேதியில பொறந்தவங்க இருந்தா சொல்லுங்க. உங்க வீட்லயும் கேக்கு வாங்குறதுக்கு முன்னாடி பஸ் ஓடுதான்னுதான் பாப்பாங்களா?