சீர் டேப் ரிக்கார்டரில் வந்த கிட்டார் சத்தம்

மைக் செட் ஆம்ப்ளிஃபயர் சூடாகும்போது ஒரு வாசனை வரும்... தூசி வெந்த வாசனை. என் கல்யாணத்தை நினைத்தால் மல்லிப்பூவுக்கு முன்னால் அதுதான் மூக்கில் ஏறுகிறது.

புத்தலப்பட்டில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல். புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர். என் தம்பி சேகர் அப்போது சித்தூரில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான். யாரோ கொடுத்த இங்கிலீஷ் மெட்டல் பாட்டுக் கேசட்டைக் கேட்டுக் கேட்டு, அந்தக் கரகரப்பு தன் கிட்டாரிலும் வரவேண்டும் என்று பைத்தியமாய்த் திரிந்தான். அதற்கென்று இருக்கும் பெட்டியெல்லாம் எங்கள் பக்கம் ஏது?

மாப்பிள்ளைக்குச் சீராக வைத்திருந்த டேப் ரிக்கார்டரைத் தூக்கிவந்தான். கிட்டார் வயரை அதன் மைக் ஓட்டையில் செருகி, ரெக்கார்ட் பட்டனையும் பாஸ் பட்டனையும் சேர்த்து அழுத்தி, அங்கிருந்து மைக் செட்டுக்கு இன்னொரு வயர். கம்பியை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு ஒரு இழுப்பு...

தகரத்தை ரம்பத்தால் அறுப்பதுபோல, ஆனால் ராகத்தோடு!

தெலுங்குச் சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்தார். "ஏமிரா இதி, ரைஸ் மில்லா?"

சேகருக்கு அப்படி ஒரு சிரிப்பு. அக்கா கல்யாணத்துக்கென்று அவனே கட்டிய பாட்டு அது. பாதிகூட ஆகவில்லை, என் மூத்தார், வீட்டுக்காரரின் அண்ணன், வந்து வயரைப் பிடுங்கிவிட்டார்.

"சீர் சாமான ஒடச்சிக்கினு கீறான்! என் தம்பி வூட்டுக்கு ஓட்ட டப்பாதான் வரணுமா?"

நைனா தலை குனிந்தார். பெண்ணைக் கொடுக்கிற தகப்பனாயிற்றே. டேப் ரிக்கார்டர் என்னோடு வண்டியேறியது. மூத்தார் அதைத் தன் அலமாரியில் பூட்டிக்கொண்டார். சேகர் கிட்டாரையே விட்டுவிட்டான். அந்த மனிதர் அன்று போட்டிருந்த சட்டையின் கட்டம்கூட எனக்கு மறக்கவில்லை.

இப்போது சேகர் ரிட்டயராகி திருப்பதியில் இருக்கிறான். புதுக் கிட்டார், காலால் மிதிக்கிற பெடல், போனில் ஆப்... போன மாதம் அன்றைய சத்தத்தைத் தேடி ஒவ்வொன்றாய் வாசித்துக் காட்டினான்.

"இதுவா யக்கா?"

"இல்லடா. இது எண்ண தடவின மாதிரி கீது. அது காத கீறும்."

அவன் முகம் வாடிவிட்டது. "ஒரு வாட்டி வந்துட்டா போதும்க்கா..."

வைராக்கியத்தை முழுங்கிக்கொண்டு மூத்தார் வீட்டுக்குப் போனேன்.

"மாமா, என் சீர் டேப் ரிக்கார்டர குடுங்க."

"அது எதுக்கு இப்போ? ஓடாதும்மா."

"ஓட வேணாம். குடுங்க."

கொடுத்தார். காப்பி குடிக்கச் சொன்னார். குடிக்கவில்லை.

சேகர் தூசி தட்டி, வயர் மாட்டி, இரண்டு பட்டனையும் அழுத்தினான். டேப் சுற்றவில்லை. சத்தம் உள்ளே போய் வெளியே வந்தால் போதுமாம். ஒரு இழுப்பு...

என் கையில் மயிர் எழுந்து நின்றது. "இதாண்டா!"

கண்ணை மூடி வாசித்துக்கொண்டே போனவன், அன்றைக்கு நிறுத்தப்பட்ட இடத்தில் நின்றுவிட்டான்.

"ஏண்டா?"

"இதுக்கு மேல மறந்துட்டேன்க்கா. உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே, பாடு."

பந்தலில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள், சொல்வேன். இதை எப்படிப் பாட? அன்று மிச்சத்தைக் கேட்கவிட்டால்தானே?

அன்று ஊருக்கே கேட்டது. இன்று அபார்ட்மென்ட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு நாங்கள் இரண்டு பேர்தான்...

"சரி, தெரிஞ்ச வரைக்கும் திரும்ப வாசிடா" என்றேன். வாசித்தான்.