பஸ் ஏறும் முன் நான்கு இட்லி

அக்கா வீட்டுக்காரருக்குப் பெருங்குடலில் புண். சாப்பிட்டால் வயிறு முறுக்கும், ரத்தமாகப் போகும். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறையில் அச்சுக்குள் மண்கூழ் ஊற்றுவது அவர் வேலை. பாதி ஊற்றும்போதே ஓட வேண்டிவரும். மாத்திரைகள் கொஞ்ச நாள் கேட்டன, அப்புறம் கேட்கவில்லை.

நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பாண்டிச்சேரி மருத்துவமனை ஒன்றில் இந்த நோய்க்குப் புது மருந்தைச் சோதிக்க ஆள் சேர்க்கிறார்கள் என்று பிரவுசிங் சென்டரில் கண்டுபிடித்தது நான்தான். யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்று இரண்டு பட்டியல். பிரிண்ட் எடுத்து வந்து, அக்கா வீட்டில் உட்கார்ந்து, படித்துச் சொல்லிச் சொல்லி டிக் போட்டேன். வயது சரி. காசநோய் இல்லை, சரி. நோய் இப்போது தீவிரமாக இருக்க வேண்டும் என்ற வரிக்குப் பெரிய டிக்.

"மருந்தே இல்லாத மாத்திரையும் குடுப்பாங்களாமே?" என்றாள் அக்கா.

"சில பேருக்குக் குடுப்பாங்க. யாருக்குன்னு டாக்டருக்கே தெரியாது."

"இப்ப சாப்புடற மாத்திரையும் அப்பிடித்தான இருக்குது" என்றார் மாமா.

பாண்டிச்சேரியில் நர்ஸம்மா கேட்டது, கடந்த மூன்று நாளில் எத்தனை தடவை போனார் என்றுதான்.

"முந்தாநாளு ரெண்டு. நேத்து ஒண்ணு. இன்னைக்கு இல்லைங்க" என்றார் மாமா.

"அப்ப சேர்க்க முடியாதுங்களே. நோய் அடங்கியிருக்குது."

"தினம் ஏழு தடவ போவாருங்க" என்று நான் குறுக்கே பாய்ந்தேன்.

"அவரே சொல்றாரேம்மா."

அக்கா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "பஸ்ஸுல வரணுமேன்னு மூணு நாளா கஞ்சித் தண்ணியத் தவிர ஒண்ணும் தொடலைங்க இவரு."

எந்தப் பயணத்துக்கும் அப்படித்தானாம். பெண்ணாடத்தில் கல்யாணம் என்றால் இரண்டு நாள் முன்பே பட்டினி. அங்கே போயும் பந்தியில் உட்கார மாட்டார். மாப்பிள்ளைக்கு முறுக்கு ஜாஸ்தி என்று எங்கள் வீட்டிலேயே பேசியிருக்கிறோம், நானும் சேர்ந்துதான். அத்தனை டிக் போட்டவளுக்கு இது தெரியவில்லை.

நர்ஸம்மா பேனாவை மூடினார். கட்டம் போட்ட ஒரு சின்ன நோட்டைக் கொடுத்தார். "வழக்கமா சாப்புட்டு, ஒரு வாரம் இதுல எழுதிட்டு வாங்க. வர்ற அன்னைக்கும் சாப்புட்டுத்தான் வரணும்."

திரும்பும்போது மாமாவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "ஏழு ஏழுன்னு எழுதிட்டு, பஸ்ஸுக்கு மட்டும் வெறும் வயித்தோட வந்துடுங்களேன்."

"அப்ப மருந்தையும் நீயே சாப்புட்டுடு பாப்பா" என்றார்.

அடுத்த வாரம் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில், எங்கள் கண் முன்னால், நான்கு இட்லி சாப்பிட்டார். கடைசி இட்லியை ரொம்ப நேரம் பிசைந்துகொண்டிருந்தார். அக்கா பையில் மாற்று லுங்கி இருந்தது. பஸ் ஏறியதும் அவரே கண்டக்டரிடம் போனார்.

"அண்ணே, எனக்கு வயித்துல நோவு. நடுவுல நிறுத்தச் சொல்லுவேன்."

"சொல்லுங்க, நிறுத்திடலாம். பஸ்ஸு எங்க ஓடிப்போவுது."

வடலூர் தாண்டி, முந்திரிக்காட்டு ஓரத்தில் கையைத் தூக்கினார். வண்டி நின்றது. பின் சீட்டில் யாரோ, "என்னா, எறங்கித் தள்ளணுமா?" என்று கேட்டார்கள். "எஞ்சின் சூடாயிடுச்சி, உக்காருங்க" என்றார் கண்டக்டர். அக்கா நோட்டைத் திறந்து ஒரு கோடு போட்டாள். நான் ஆவலாக எட்டிப் பார்த்தேன். அவள் பார்த்த பார்வையில் தலையை இழுத்துக்கொண்டேன்.

நர்ஸம்மா நோட்டைப் புரட்டி, கூட்டிப் பார்த்தார். ஏழு, ஏழு, எட்டு. "இந்தக் கணக்கு போதுங்க. இனிமே ரத்த டெஸ்ட்டு, அப்புறம் குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்குற டெஸ்ட்டு. அதுவும் சரியா வந்தா சேர்த்துக்குவோம்."

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. நோய் இவ்வளவு மோசம் என்பதற்கா என்று உறைத்ததும் கையைக் கட்டிக்கொண்டேன். அதற்குள் மாமா எழுந்து, வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "பாத்ரூமு எந்தப் பக்கங்க?" என்றார்.