இன்னொரு நாள், சந்தோஷமாக

புதன்கிழமை காலை ஆறரைக்குப் புதுச்சேரியில் பஸ் ஏறினேன். திண்டிவனம், வந்தவாசி, ஆரணி என்று முதுகு ஒடிந்து, வேலூரில் வேறு பஸ் மாறி ஆம்பூரில் இறங்கியபோது மத்தியானம் ஆகிவிட்டது. வேலூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். வழியில் பார்த்த பாலாற்றில் தண்ணீர் இல்லை, சீமைக் கருவேலம்தான் இருந்தது. ஊருக்குள் பிரியாணி வாசனையும் தோல் நாற்றமும் ஒன்றாகவே வந்தன.

நான் பிரெஞ்சு வாத்தியார். ஒரு ஷூ கம்பெனியில் மூன்று நாள் வேலை. சனிக்கிழமை பிரான்சிலிருந்து, ஷூ வாங்குகிற பையர் வருகிறார். அதற்குள் பத்துப் பெண்களுக்கு நாலு வார்த்தை சொல்லித்தர வேண்டும். இந்தக் கூத்துக்கு நானும் ஒப்புக்கொண்டிருந்தேன்.

ஆட்டோவில் முப்பது ரூபாய். கம்பெனி பெயரைச் சொன்னதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"ஆளு செத்த கம்பெனியா சார்?"

"எப்போது?"

"போன மாசம். பின்னாடி அவங்க தோலு பதம் பண்ற டேனரி கீது. கழிவுத் தொட்டிய சுத்தம் பண்ண எறங்கனவரு மேல வர்ல. வெஷ வாயு."

வாசலில் மேனேஜர் சிரித்த முகமாக நின்றிருந்தார். "பையர் சின்ன வயசு சார், அந்தம்மாக்கு வெறப்பாப் பேசினா புடிக்காது. தோஸ்த் மாதிரி ரெண்டு வார்த்த போதும். தண்ணி குடிக்கிறியா, இங்க உக்கார்றியா, அவ்ளோதான்."

வியாழக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் வகுப்பு. தோழியிடம் கேட்பதுபோல, ஆனால் மரியாதை குறையாமல் எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுத்தேன். "தூ வியேன், சில் த ப்ளே?" என்றால், "கொஞ்சம் வர்றியா?" கேட்கிற விதத்திலேயே எதிராளி மறுப்பதற்கு இடம் விடவேண்டும், அதுதான் அவர்கள் பண்பு என்று பெருமையாகச் சொன்னேன். மறுக்கும்போதும் முகத்தில் அடித்தாற்போல் சொல்லமாட்டார்கள். "யூன் ஓத்ர் ஃபுவா, அவெக் ப்ளெஸீர்" என்பார்கள். இன்னொரு நாள், சந்தோஷமாக. அதாவது, வரமாட்டேன்.

தையல் பிரிவுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். பெயர் கோமதி. "மாட்டேன்னு சொல்ல எடம் உட்டுட்டுக் கேக்கறதுன்னா, எதுக்கு சார் கேக்கணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் அவள் தனியாக வந்தாள்.

"தொட்டில செத்தது என் வூட்டுக்காரரு சார். இப்ப அந்த வேலைக்கு என் கொழுந்தன உட்டுக்கீறாங்க. ஞாயித்துக்கெழம எறங்கணுமாம். மாஸ்க்கு, மெஷினு ஒண்ணும் கெடையாது. பையர் ஒரு வாட்டி வந்து பாத்துட்டா நிறுத்திடுவாங்க."

"நானே சொல்றேம்மா."

"நீங்க சொன்னா பத்தோட ஒண்ணாப் போய்டும். தாலி அறுத்தவ நேர்ல வந்து கூப்ட்டா, எங்க பக்கம் யாரும் வரமாட்டேன்னு சொல்லமாட்டாங்க. கூப்பிடற வார்த்தைய மட்டும் நல்லா சொல்லிக்குடுங்க."

வகுப்பில் சொன்னதையே மறுபடி சொல்லிக்கொடுத்தேன். டீ ஆறும்வரை சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பையர் வந்தார். கலகலப்பான பெண், எல்லோருக்கும் கைகொடுத்தார். கோமதி தண்ணீர் நீட்டினாள். பிறகு பின்கதவைக் காட்டி, ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்டாள்: "தூ வியேன், சில் த ப்ளே?"

பையரின் முகம் மலர்ந்தது. மேனேஜரைப் பார்த்தார். அவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

"யூன் ஓத்ர் ஃபுவா, அவெக் ப்ளெஸீர்" என்றார் பையர், கோமதியின் தோளைத் தொட்டு.

மேனேஜர் கைதட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையர் பக்கத்தில் போய், அங்கே ஒரு ஆள் செத்திருக்கிறார், நாளைக்கு அவர் தம்பியை இறக்கப்போகிறார்கள், இவர் செத்தவரின் மனைவி என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் சிரிப்பு குறைந்தது. அதையெல்லாம் பார்க்க வேறு குழு இருக்கிறது, தெரிவிக்கிறேன் என்று தணிந்த குரலில், மிக மரியாதையாகச் சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

கோமதி என்னிடம் வந்தாள். "மாட்டேன்னுட்டாங்க, புரிஞ்சிச்சு. ஆனா இன்னொரு நாளுன்னு வாயால சொன்னாங்கல்ல? எந்த நாளுன்னு கேக்கறதுக்கு இன்னா வார்த்த சார்?"

"கெல் ழூர்."

அவள் வேகமாகப் போய்க் கார்க் கண்ணாடி அருகே குனிந்தாள். "கெல் ழூர்?"

பையர் என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்க அதில் ஒன்றும் இல்லை.

"இன்னா சார் கேக்குது?" என்றார் மேனேஜர்.

"எந்த நாள் வருவீங்கன்னு."

கண்ணாடி ஏறியது, கார் கிளம்பியது. கோமதி கேட் அருகே நின்றாள். யாரோ கூப்பிட்டதும் தையல் கூடத்துக்குப் போனாள்.

மூன்றரைக்கு வேலூர் பஸ். எங்கள் ஊர்க் கடற்கரையில் இந்த வார்த்தைகள் நாளெல்லாம் காதில் விழும். எவ்வளவு இங்கிதமான பாஷை என்று வகுப்பு வகுப்பாக மெச்சியிருக்கிறேன். அன்றைக்கு அதைப் பேசிய வாயைக் கழுவலாம் போலிருந்தது.

பள்ளிகொண்டா தாண்டும்போது பக்கத்து இருக்கைக்காரர் போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்: "நாளைக்கே வந்துடு. ஞாயித்துக்கெழம, எல்லாரும் வூட்லதான் இருப்பாங்க."