செடெனாக்கில் ஓர் ஐஸ்கிரீம் டப்பா

வயிற்றுக்காக ஜொகூர் முழுக்கச் சுற்றுகிறவர்கள்தான் இந்த வலைப்பதிவைப் படிக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். மூவாரில் எந்தக் கடையில் எத்தனை மணிக்கு மீ பண்டோங் தீரும் என்று எழுதினால் வரிசையாகப் பதில் போடுகிறீர்கள். இதுவும் வயிற்றுக்கான பயணம்தான். ஆனால் வயிற்றுக்குள் எதையும் போடுவதற்காகப் போகவில்லை. அதிலிருந்து ஒரு துணுக்கு எடுப்பதற்காகப் போனோம்.

வயிறு என் அத்தானுடையது. அக்காவின் கணவர் முருகையா, சிகாமட்டில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு நாள், கடைசிப் பிள்ளையை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, பேருந்தை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு மயங்கிச் சாய்ந்தார். ஒழுங்கான மனிதர், மயங்குவதைக்கூட வேலையை முடித்துவிட்டுத்தான் செய்தார். இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தக்கசிவு. புண்ணுக்குக் காரணம் எச். பைலோரி என்ற கிருமி. இரண்டு வாரத்துக்குக் கைநிறைய மாத்திரை கொடுத்தார்கள். இரும்பைச் சப்பியதுபோல் வாய் கசந்தும் ஒன்றுவிடாமல் விழுங்கினார். கிருமி அசையவில்லை. மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். அதையும் முழுதாக முடித்தார். அப்போதும் அசையவில்லை. டாக்டர் கையெழுத்துப் போடாமல் பேருந்துச் சாவி கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார். அதுவும் நியாயம்தான். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பிள்ளைகள்.

அதனால்தான் ஜொகூர் பாரு. அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில் குழாய் விட்டு இரைப்பையிலிருந்து சிறு துணுக்கு எடுப்பார்கள். அதிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சிரிக்கிறது என்று பார்ப்பார்கள். தேதி கிடைக்கவே பல மாதம் ஆனது. நிபந்தனைகள் உண்டு. முந்தைய நான்கு வாரம் எந்த ஆன்டிபயாடிக்கும் தொடக்கூடாது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். மயக்க மருந்து கொடுப்பார்கள் என்பதால் துணைக்கு ஒருவர் வர வேண்டும். அந்தத் துணை நான்.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் புறப்பட்டோம். சிகாமட்டிலிருந்து லாபிஸ், சாஆ வழியாக யோங் பெங் வரை பழைய சாலை, ஏறக்குறைய எழுபத்தைந்து கிலோமீட்டர். இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை, முன்னால் செம்பனைக் குலை லாரி, முந்த வழியில்லை. யோங் பெங்கில் நெடுஞ்சாலை ஏறிவிட்டால் செடெனாக் ஒரு மணி நேரம்கூட இல்லை. அத்தான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வந்தார்.

காலையில் ஏழு மணிக்கே மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்பதால், செடெனாக்கில் அத்தானின் தங்கை மல்லிகா வீட்டில் தங்கினோம். மல்லிகா தொழிற்சாலையில் வேலை செய்பவர், தங்கமான மனுஷி. தண்ணீர் எடுக்க அவர் குளிர்பெட்டியைத் திறந்தேன். மேல்தட்டில் மூன்று நிற நெப்போலிட்டன் ஐஸ்கிரீம் டப்பா. நாக்கில் நீர் ஊறத் திறந்தால் உள்ளே மாத்திரைகள். மஞ்சள், நீலம், சிவப்பும் கறுப்புமாகப் பாதி பாதி. மூன்று தினுசு என்ற வகையில் டப்பா பொய் சொல்லவில்லை.

இந்த டப்பா எப்படி நிறைகிறது என்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சளி பிடித்தால் ஒரு நாள் லீவு வேண்டும். லீவுக்கு எம்.சி. எனும் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். எம்.சி.க்குக் கம்பெனி கார்டை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போக வேண்டும். கிளினிக்கில் இருமல் தண்ணி, காய்ச்சல் மாத்திரை, கூடவே ஒரு ஆன்டிபயாடிக். சாதாரணச் சளியை உண்டாக்குவது வைரஸ், அதற்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது என்பது அந்த டாக்டருக்குத் தெரியும். கொடுக்காவிட்டால் அடுத்த முறை நாம் எதிர்க்கடைக்குப் போய்விடுவோம் என்பதும் அவருக்குத் தெரியும். ஆன்டிபயாடிக் தராதவர் நமக்கு டாக்டர் இல்லை, வழிப்போக்கர். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிட்டதும் சளி தானாகவே போய்விடும், பெருமை மாத்திரைக்கு. மிச்சம் டப்பாவுக்கு. டப்பா சொந்தக்காரர்களுக்கு. வளைகாப்பு வெற்றிலைபோல் வீடு வீடாகப் போகும்.

இதையெல்லாம் அன்று நான் யோசிக்கவில்லை. டப்பாவை மூடிவிட்டு ரொட்டி சானாய் தாப்பாவ், அதாவது பொட்டலம், வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது ஏர்கான் காற்றில் தொண்டை கட்டி இருமிக்கொண்டிருந்த அத்தான், இருமாமல் உட்கார்ந்திருந்தார். தேநீர் குடித்திருப்பார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை நாற்பது கிலோமீட்டர். ஸ்கூடாய்க்குப் பிறகு சிங்கப்பூர் வேலைக்குப் போகிற மோட்டார் சைக்கிள்கள் தேனீக்கூட்டம்போல் நெருங்கும், கவனம். பதிவுக் கட்டணம் ஐந்து ரிங்கிட். அத்தான் பச்சை அங்கி மாட்டி, கையில் ஊசிக்குழாயோடு தயாராக இருந்தார். மிஸ்ஸி (இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம்) வழக்கமான கேள்விகளைக் கேட்டார்.

“சாப்பிட்டீங்களா?”

“இல்ல மிஸ்ஸி. நேத்து சாயந்தரத்தோட சரி.”

“தண்ணி?”

“மாத்திரை போட ஒரு மொடக்கு.”

“என்ன மாத்திரை?”

“தொண்டைக்கு. தங்கச்சி கொடுத்துச்சி. நேத்து ஒண்ணு, இன்னிக்கி ஒண்ணு.” கழற்றி மடியில் வைத்திருந்த சட்டையின் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். இன்னும் நான்கு மிச்சம் இருந்தன.

மிஸ்ஸி அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூட்டிவந்தார். நம் பெண்தான், முப்பது வயதிருக்கும்.

“அங்கிள், ஆன்டிபயாடிக் எடுக்கக் கூடாதுன்னு சொன்னோமா இல்லையா?”

“கிளினிக் மருந்து எதுவும் எடுக்கலையே டாக்டர். இது வீட்டு மருந்து.”

“தங்கச்சி கையால கொடுத்தா வீட்டு மருந்தா? அலாமாக், அங்கிள். இது முதல் தடவை உங்களுக்குக் கொடுத்தோமே, அந்த மருந்தோட ஜாதிதான். இப்ப எடுத்தா கிருமி பாதி மயக்கத்துல இருக்கும். லேப்ல வளராது. வளரலைன்னா எது கொல்லும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அத்தான் அட்டையைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார். டாக்டர் குரலைத் தணித்துக் கேட்டார்:

“இதுக்கு முன்னாடியும் தொண்டை வலிக்கு இதேதானா?”

“எப்பவும் இதான். நல்லா கேக்கும்.”

“உங்களுக்குக் கேக்கும். வயித்துல இருக்கறதுக்கு டிரெய்னிங். வருஷக்கணக்கா நீங்களே சோறு போட்டு வளத்திருக்கீங்க. அப்புறம் நாங்க அதே மருந்தக் கொடுத்தா அது பயப்படுமா?”

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. மல்லிகாமேல் கோபப்பட முடியாது. அண்ணன் இருமியது தாங்காமல் கொடுத்தவர். நடுச்சாலையில் மயங்காத அத்தான்மேலும் முடியாது. சளிக்குக் கிருமிக்கொல்லி எழுதித் தரும் கிளினிக், எம்.சி. இல்லாமல் ஒரு தும்மலைக்கூட நம்பாத தொழிற்சாலை, மாத்திரை தராத டாக்டரை மதிக்காத நாம் என்று எல்லோரும் கைகோத்து ஒரு கிருமியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் பட்டம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். பட்டதாரிக்கு இப்போது மனிதனின் இரைப்பையில் நிரந்தர வேலை. சம்பளம், ஓட்டுநரின் ரத்தம்.

துணுக்கு எடுக்கவில்லை. ஊசிக்குழாயைக் கழற்றினார்கள். புதுத் தேதி இரண்டு மாதம் தள்ளி. அதற்குள் மறுபடி கசிந்தால் அவசரப் பிரிவுக்கு ஓடிவர வேண்டும், மலம் கறுத்தால் காத்திருக்கக் கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார்.

வெளியே வந்ததும் அத்தான் மருந்தகப் பக்கம் திரும்பினார். மிச்ச மருந்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பெட்டி ஒன்று அங்கே இருக்கிறது. அட்டையை அதில் போட்டார். சட்டைப் பையை வெளியே இழுத்து உதறியும் பார்த்தார். கார் நெடுஞ்சாலை ஏறியபோது மல்லிகாவின் அழைப்பு வந்தது. அத்தான் தொலைபேசியை எப்போதும் ஸ்பீக்கரில்தான் வைத்திருப்பார்.

“அண்ணே, முடிஞ்சிச்சா?”

“முடியல. இன்னொரு நாள் வரச் சொன்னாங்க.”

“ஐயோ. சரி, வர்ற வழியில அந்த மாத்திரைய வச்சிட்டுப் போங்க. எனக்கும் இப்ப தொண்ட கரகரங்குது.”

“கொடுத்துட்டேன்லா.”

“யாருக்கு?”

“ஆஸ்பத்திரிக்கு.”

“அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில மருந்து இல்லையாண்ணே?”

அத்தான் சிரிக்கவில்லை. மிஸ்ஸி கேட்டதிலிருந்து டாக்டர் சொன்னது வரை எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னார். முடிப்பதற்குள் கூலாய் ஊர் வந்துவிட்டது. மல்லிகா அழ ஆரம்பித்தார். “அழாத. டப்பாவக் கொண்டுபோய் கிளினிக்கில கொட்டு. சளிக்குச் சுடுதண்ணி குடி” என்றார் அத்தான். அன்று நான் கேட்ட ஒரே சரியான மருந்துச்சீட்டு அதுதான்.

இதே பயணம் போகப் போகிறவர்களுக்கு: வாகன நிறுத்துமிடம் ஏழு மணிக்கே நிறைந்துவிடும். யோங் பெங்கிலிருந்து டோல் பத்து ரிங்கிட்டைத் தாண்டும். வெறும் வயிற்றோடு இருப்பவரைக் கேன்டீன் வழியாக நடத்திக் கூட்டிப் போகாதீர்கள், தோசை வாசம் பாவம். இவற்றில் தவறினால் பரவாயில்லை. சொந்தக்காரர் வீட்டில் தங்குவதாக இருந்தால் மட்டும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நோயாளியின் நிபந்தனைகளை உரக்கச் சொல்லிவிடுங்கள். அன்புக்கு ஆன்டிபயாடிக்கின் பெயர் தெரியாது. கிளினிக்கில் சளிக்கு அதை நீட்டினால், இது எதற்கு டாக்டர் என்று ஒரு தடவை கேளுங்கள். உண்மையிலேயே தேவை என்று சொல்லிக் கொடுத்தால், சொன்னபடி சாப்பிட்டு முடியுங்கள். டப்பாவுக்கு மிச்சம் வைக்காதீர்கள்.

மதியம் சிகாமட் நுழையும்போது பள்ளி விடும் நேரம். சந்திப்பில் அத்தானின் மஞ்சள் பேருந்து எங்களைக் கடந்தது. ஓட்டியவர் புது ஆள். பிரேக்கை வேகமாக அடித்ததில் உள்ளே பிள்ளைகளின் தலைகள் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தன.

“இன்னும் ரெண்டு மாசம்” என்றார் அத்தான். பிறகு, பேருந்து திருப்பத்தில் மறையும்வரை, காலடியில் இல்லாத பிரேக்கை மிக மென்மையாக மிதித்துக்கொண்டிருந்தார்.