சனி ஞாயிறு டூரும் வேட்டிப் பெட்டியும்

டூர் ஏற்பாடு செய்கிறவன் தொழில் ரொம்ப சுலபம்; ரயில் தாமதமானாலும், மழை கொட்டினாலும், அருவியில் தண்ணீர் குறைந்தாலும் "ஏன்யா இப்படி?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொன்னால் போதும்.

எழுபதுகளின் கடைசியில் ஆரம்பித்து, சில வருஷம் கொச்சி மட்டாஞ்சேரியில் நான் பார்த்த உத்தியோகம் அது. பஜார் ரோட்டில் சுக்கு மூட்டைக்கும் மிளகு மூட்டைக்கும் நடுவே ஒரு சின்ன அறைதான் ஆபீஸ். வாசலில் ஒரு வேன். வருகிறவர்கள் எல்லாரும் தமிழ்நாட்டுக்காரர்கள். சனிக்கிழமை காலையில் எர்ணாகுளம் ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்டு மட்டாஞ்சேரி அரண்மனை, கோட்டைக்கொச்சி, காயலில் படகு. ஞாயிற்றுக்கிழமை ஆலுவா ஆறு, அதிரப்பள்ளி அருவி. சாயங்காலம் ரயிலேற்றிவிட்டால் எனக்கு விடுதலை. குடும்பத்தோடு எங்காவது ரெண்டு நாள் போய்வரத் திட்டம் போட்டுப் பார்த்த எல்லாருக்கும் என் பாடு புரியும். உங்களுக்கு அந்தத் தலையெழுத்து வருஷத்துக்கு ஒரு தரம். எனக்கு வாராவாரம்.

எனக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது. வீட்டில் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். தாத்தா காலத்திலேயே மட்டாஞ்சேரிக்கு வந்துவிட்ட குடும்பம் எங்களுடையது. நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். ஆனால் அம்மாவுக்கு மருமகள் மட்டும் தமிழ்நாட்டிலிருந்து வரவேண்டும். எனக்கும் அந்த ஆசைதான், பொய் எதற்கு? மூன்று இடம் வந்து மூன்றும் தட்டிப்போனது. ஒரு வீட்டில் கொச்சி கொசுவைச் சொன்னார்கள், ஒரு வீட்டில் மழையைச் சொன்னார்கள், மூன்றாவது வீட்டில் "தேங்காயெண்ணெயில பொரிச்ச அப்பளத்தை எங்க பொண்ணு தொடமாட்டா" என்று சொல்லிவிட்டார்கள். பையனை யாரும் குறை சொல்லவில்லை, ஊரைத்தான் வேண்டாம் என்றார்கள். "எங்க ஊர் எவ்வளவு அழகு பாருங்க" என்று வாராவாரம் ஊரைக் காட்டிப் பிழைக்கிறவனுக்கு இதைவிடக் கேவலம் வேறென்ன வேண்டும்?

சனிக்கிழமைப் பூட்டு

மட்டாஞ்சேரிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது யூதர் தெருவில் இருக்கிற பழைய ஜெபாலயத்தைத்தான். தரையில் பதித்த சீனத்து ஓடு, மேலே தொங்குகிற கண்ணாடி விளக்கு எல்லாம் பார்க்கப் பார்க்க அழகு. ஆனால் சனிக்கிழமை அவர்களுக்குப் புனித நாள், பார்வையாளர்களுக்குக் கதவு திறக்காது. நம் ஜனங்கள் லீவு போடாமல் ஊர் சுற்ற வருகிற நாளோ சனிக்கிழமை. எனவே ஞாயிறு காலையில் அதைக் காட்டிவிட்டுத்தான் ஆலுவாவுக்கு வண்டியைத் திருப்புவோம்.

மதுரையிலிருந்து வந்த ஒரு பாத்திரக்கடைக்காரருக்கு இது ஏறவேயில்லை. நான் சொன்னதை நம்பாமல் தெருக்கோடி வரைக்கும் போய்ப் பூட்டை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தார். முகமெல்லாம் வருத்தம். எனக்கே பாவமாகப் போய், "நாளைக்குக் காலையில முதல் வேலையா கூட்டிட்டு வர்றேன் அண்ணாச்சி" என்றேன். அவர் சமாதானமாகவில்லை.

"இத்தனை நூறு வருஷமா இந்த ஊர்ல இருக்காங்களே, சனிக்கிழமைதான் வெளியூர் ஆள் வருவான்னு ஒருத்தர்கூடவா அவங்ககிட்டச் சொல்லலே?"

சிவப்புத் தண்ணீர்

கேரளத்து ஓட்டலில் உட்கார்ந்ததும் முதலில் வருவது இளஞ்சிவப்பாக ஒரு டம்ளர் வெந்நீர். பதிமுகம் என்கிற மரத்துண்டைப் போட்டுக் கொதிக்கவைத்தது. எங்களுக்கு இது பிறந்ததிலிருந்து பழக்கம். புதிதாக வருகிறவர்களோ டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார்கள், மோந்து பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். ஒரு பார்ட்டி முழுக்க அதிலேயே கை கழுவிவிட்டு "சாப்பாடு வரட்டும்" என்று உட்கார்ந்திருந்தது.

திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு அம்மாள், பிள்ளைகள் டம்ளரைத் தொடவிடாமல் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். உடம்புக்கு நல்லது, மரத்துண்டு போட்டுக் காய்ச்சினது என்று நான் பிரசங்கமே செய்தேன். பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். அப்புறம் எனக்காக ரொம்ப இரக்கப்பட்டுச் சொன்னார்.

"வெந்நி போடுததுக்கு வெறகை அடுப்புக்குள்ள வைக்கணும் தம்பி, தண்ணிக்குள்ள இல்ல!"

வலை

எங்கள் டிரைவர் வர்கீஸ் சேட்டனைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். காக்கி டிராயர்-சட்டை போட்ட காலத்திலிருந்து வண்டி ஓட்டி இப்போது காக்கி பேண்ட்டுக்கு வந்தவர். மட்டாஞ்சேரித் தமிழ்க் கடைகளில் சாயா குடித்தே தமிழ் பழகியவர். வண்டியை ஓட்டுவதில் பொறுமைசாலி, வாயை ஓட்டுவதில் அது கிடையாது. எனக்குப் பெண் தேடுகிற சமாசாரம் வண்டியில் ஏறுகிற அத்தனை பேருக்கும் தெரிந்தது அவர் புண்ணியத்தில்தான்.

கோட்டைக்கொச்சியில் சீன வலை பார்க்க நிறுத்தினோம். ஐந்தாறு பேர் கயிற்றைப் பிடித்துத் தொங்க, எடைக்குக் கட்டிய கற்கள் மேலும் கீழும் ஆட, கட்டையெல்லாம் முனக, பெரிய வலை மெல்ல மேலே வந்தது. சேலத்துப் பார்ட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. வலைக்குள் ரெண்டு விரல் நீளத்தில் நாலைந்து மீன் துள்ளின. "இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?" என்று ஒருவர் என்னை முறைத்தார். நான் ஏற்றம், வற்றம் என்று காயல் நீர் ஏறி இறங்குகிற கணக்கைச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் வர்கீஸ் சேட்டன் என் தோளைத் தட்டி முந்திக்கொண்டார்.

"நம்ம மணிக்குப் பொண்ணு பாக்கறதும் இதே கதையாணு சாரே. எறக்கறோம், தூக்கறோம், தண்ணி மாத்திரம் சொட்டுது."

வேட்டிப் பெட்டி

இங்கே பல கோயில்களில் ஆண்கள் பேண்ட், சட்டையோடு உள்ளே போக முடியாது. வேட்டிதான் கட்டவேண்டும். அந்தக் காலத்துப் பையன்களோ தெருக் கூட்டுகிற மாதிரி பெல்பாட்டம் போட்டுக்கொண்டு வருவார்கள். வாசலில் போய்த் திருதிருவென்று விழிப்பார்கள். ஆகவே வேனின் பின்சீட்டுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி, அதற்குள் மடித்த வேட்டிகள். இது என்னுடைய சொந்த ஏற்பாடு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வாரக் கடைசியில் எல்லாவற்றையும் வெளியில் இருக்கிற சலவைக்காரர்களிடம் கொடுப்பேன் - 'வெளி' என்பது கோட்டைக்கொச்சியில் ஓர் இடத்தின் பெயர். அவர்களும் நம்ம தமிழ் ஆட்கள்தான், வெயில் அடித்தால் சொன்ன நேரத்துக்குத் தந்துவிடுவார்கள்.

வேட்டி கொடுத்தால் மட்டும் போதுமா? கட்டத் தெரியவேண்டாமா? மெட்ராஸிலிருந்து வந்த ஒரு பையன், இடுப்பைச் சுற்றி அதைச் சுருட்டி, முன்னால் ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடியே பிரகாரம் சுற்றிவந்தான். சந்நிதியில் எல்லாரும் கை கூப்பினார்கள். அவன் மட்டும் அப்படியே நின்றான். ஒரு கையை எடுத்தால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும், அம்மனுக்கும் தெரியும். உரக்கவே வேண்டிக்கொண்டான்.

"தாயே, ரெண்டு கையும் வேலையா இருக்கு, மனசாலயே கும்பிட்டுக்கறேன்!"

நாலாவது இடம்

நாலாவது சம்பந்தம் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. பெண்ணின் அப்பா தண்டபாணி, ஒரு பஞ்சாலையில் உத்தியோகம். பெண் வசந்தா டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிறாள். தண்டபாணி எழுதியனுப்பியது எனக்குப் புதுசாக இருந்தது: பையனையும் பார்க்கவேண்டும், ஊரையும் பார்க்கவேண்டும், ஆகவே பெண்ணையும் கூட்டிக்கொண்டு ரெண்டு நாள் டூராகவே வருகிறோம். ஊரைச் சொல்லித் தட்டிக்கழிக்காமல் ஊரையே பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிற ஒரு மனிதர்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த டூருக்குப் போட்டதுபோல் நான் எதற்கும் திட்டம் போட்டதில்லை. ஜெபாலயம் ஞாயிற்றுக்கிழமை என்று குறித்தேன். ஓட்டலில் முன்கூட்டியே போய் வெள்ளைத் தண்ணீர் கேட்டு வைத்தேன். நல்லெண்ணெயில் அப்பளம் பொரிக்கச் சொன்னேன். சீன வலையைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டேன். "சேட்டா, ரெண்டு நாளைக்கு வாயைத் திறக்காதீங்க" என்று வர்கீஸ் சேட்டனின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். எனக்கென்று புது வேட்டி வாங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுக்க நானே அதற்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வேட்டிப் பெட்டியைத் திறந்து பார்க்கத்தான் மறந்துபோனேன். அந்த வாரம் பூராவும் மழை. கொடுத்த வேட்டி ஒன்றுகூட வெளியிலிருந்து திரும்பியிருக்கவில்லை.

சனிக்கிழமை ரயில் தாமதம். தண்டபாணி நல்ல உயரம், மடிப்புக் கலையாத பேண்ட்டோடு இறங்கினார். பின்னால் அவர் மனைவி. அதற்கும் பின்னால் வசந்தா, மழையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. மழையைப் பார்த்துச் சிரிக்கிற கோயம்புத்தூர்ப் பெண்ணா! இந்த இடம் தட்டிப்போனால் நான் தாங்கமாட்டேன் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டியில் ஏறியதும் தண்டபாணி சொன்னார்: "மொதல்ல பகவதி கோயிலுக்கு விடுங்க தம்பி. அம்மன்கிட்டக் கேக்காம நான் எந்தப் பேச்சும் எடுக்கறதில்லீங்க."

அரை மணி நேர ஓட்டம். கோயில் வாசலில் இறங்கும்போது நடை சாத்தக் கொஞ்ச நேரமே இருந்தது. காவல்காரர் தண்டபாணியின் பேண்ட்டைப் பார்த்தார். நான் ஸ்டைலாகப் பின்சீட்டுக்குக் கீழே குனிந்து பெட்டியை இழுத்தேன். திறந்தேன். உள்ளே ஒரு பாச்சை உருண்டை. பக்கத்தில் வேட்டி வாடகைக்குத் தருகிற கடை ஒன்று உண்டு. மழைக்குப் பயந்து அதுவும் பலகை சாத்திக் கிடந்தது. "ஒரு வேட்டி எடுத்து வைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனுங்களே" என்று அம்மாள் கணவரைக் கடிந்துகொண்டார். பிறகு மெதுவாக, "தடங்கலா இருக்குதுங்க" என்றார். தண்டபாணி மழையையும் கோயில் வாசலையும் மாறிமாறிப் பார்த்தார். அந்தத் 'தடங்கல்' என்ற வார்த்தை எத்தனை கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும். வசந்தாவின் சிரிப்பும் நின்றுபோனது.

எனக்கு என்ன தோன்றியதோ, வேனுக்குள் ஏறிக் கடைசி சீட்டுக்கு ஓடினேன். ஜன்னலில் நீலத்தில் மஞ்சள் பூப்போட்ட திரை தொங்கிக்கொண்டிருந்தது. அதை உருவி இடுப்பில் சுற்றிக்கொண்டு, கட்டியிருந்த புது வேட்டியை அவிழ்த்து உதறி மடித்து, ஜன்னல் வழியாக நீட்டினேன். "சார், இதைக் கட்டிட்டு ஓடுங்க, நடை சாத்திடுவாங்க!" தண்டபாணி வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேறு ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். மூன்று பேரும் உள்ளே ஓடினார்கள். வர்கீஸ் சேட்டன் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

நான் கடைசி சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்தேன். திரை மெலிசு, நீளமும் போதாது. முழங்காலை மூட இழுத்தால் இடுப்பில் நழுவியது. அழுகையே வந்துவிட்டது. அப்போது கதவு திறந்தது. அர்ச்சனைத் தட்டை மறந்து வைத்துவிட்டாளாம், வசந்தா! தட்டை எடுத்தவள் திரையில்லாத ஜன்னலைப் பார்த்தாள், என் இடுப்பைப் பார்த்தாள். முகத்தை ரொம்ப சிரமப்பட்டு நேராக வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பக்கத்து ஜன்னல்லயும் ஒண்ணு இருக்குதுங்க. துண்டாப் போட்டுக்கங்க, ஜோடியா இருக்கும்."

சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டாள். இந்தப் பெண்ணை நான் கட்டவில்லை என்றால் யாரையும் கட்டுவதாக இல்லை என்று பூப்போட்ட திரைக்குள் உட்கார்ந்து முடிவு செய்தேன். ஆனால் முடிவு என் கையில் இல்லையே. கோயில் மணி அடித்தது. நடை சாத்திவிட்டார்கள். மூன்று பேரும் திரும்பி வந்தார்கள். தண்டபாணி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாயைத் திறந்து, "தம்பி, நம்ம விஷயம்..." என்று ஆரம்பித்தார். அவர் மனைவி கையை நீட்டித் தடுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அம்மாள் புருஷனின் இடுப்பைக் காட்டிச் சொன்னது இதுதான், இன்றைக்கும் எழுத்துத் தவறாமல் ஞாபகம் இருக்கிறது.

"மாப்பிள்ளைக்கு மாமனார்தானுங்க வேட்டி எடுத்துக் குடுக்கறது மொற, இங்க தலகீழா நீங்க கட்டிக்கிட்டு நிக்கறீங்க, மொதல்ல அதை அவுத்து மாப்பிள்ளைகிட்டக் குடுங்க, மத்ததை அப்புறம் பேசலாம்!"

ஆக, டூர் போட்டுக் கஷ்டப்படுகிற அன்பர்களே, ரயிலும் மழையும் அம்மனும் அவரவர் இஷ்டப்படிதான் நடந்துகொள்வார்கள், வண்டி ஜன்னலுக்குத் திரையை மட்டும் கொஞ்சம் கெட்டித் துணியில் நீளமாகத் தைத்து வையுங்கள்.